தென் ஆஸ்திரேலியாவின் யூ வகுப்பு லைசென்ஸ்: கணக்கு சரி, பாடம் போதாது

தென் ஆஸ்திரேலியாவில் போர்ஷே 911 டர்போ எஸ் ஓட்ட, சாதாரண கார் லைசென்ஸ் இருந்தால் மட்டும் போதாது. 2024 டிசம்பர் 1 முதல் அந்த லைசென்ஸில் 'யூ' என்ற வகுப்பும் ஏறியிருக்க வேண்டும். காரை யார் வாங்கினார், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பதெல்லாம் இங்கே கேள்வி இல்லை. ஸ்டீயரிங் பிடிப்பவரின் லைசென்ஸில் அந்த எழுத்து இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அண்ணன் கார், முதலாளி கார், ஒருநாள் வாடகைக்கு எடுத்த கார் எல்லாவற்றுக்கும் இதுதான் நடைமுறை.

அரசு தரும் ஒரு சேவையாக இதை எடைபோட்டால் மூன்று பகுதிகள் தெரிகின்றன: எந்தக் கார் என்று தீர்மானிக்கும் கணக்கு, லைசென்ஸ் தருமுன் நடத்தும் பாடம், ஓட்டும்போது எதைத் தொடக்கூடாது என்ற விதி. முதலாவது நன்றாக இருக்கிறது, ஒரு ஓட்டையைத் தவிர. இரண்டாவது ஒப்புக்கு. மூன்றாவதுதான் இந்தச் சட்டத்தின் உயிர். அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை.

2019 ஜூனில் அடிலெய்டின் புறநகர் ஒன்றில் ஒரு லம்போர்கினி ஹுராக்கான் கட்டுப்பாட்டை இழந்து நடைபாதையில் பாய்ந்தது. 15 வயதுப் பெண் உயிரிழந்தாள், உடன் வந்த தோழிக்குப் பலத்த காயம். ஆபத்தாக ஓட்டி மரணம் விளைவித்தார் என்ற குற்றச்சாட்டிலிருந்து ஓட்டுநர் விடுவிக்கப்பட்டார். கவனக்குறைவாக ஓட்டியதை மட்டும் ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனையோடு வெளியே வந்தார். ஊரே கொதித்தது. பெண்ணின் பெற்றோர் விடாமல் போராடினார்கள். அதன் விளைவுதான் இந்தச் சட்டத் தொகுப்பு. யூ வகுப்பு அதில் ஒரு துண்டு மட்டுமே. உயிரிழப்போ பெருங்காயமோ ஏற்படுத்தியதாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் லைசென்ஸை உடனே முடக்கப் போலீசுக்கு அதிகாரம் கிடைத்ததும் இதே தொகுப்பில்தான்.

276 என்ற எண்

மொத்த எடை வரம்பு 4.5 டன்னுக்குள் இருக்கும் வண்டி, டன்னுக்கு 276 கிலோவாட் அல்லது அதற்கு மேல் சக்தி கொண்டதாக இருந்தால் அது 'அதி உயர் சக்தி வாகனம்'. பஸ், மோட்டார் சைக்கிள், மூன்று சக்கர மோட்டார் சைக்கிள் மூன்றும் இதில் வராது. கணக்கு எளிது: கிலோவாட்டை டேர் எடையால், அதாவது கிலோகிராமால் வகுத்து 1,000 ஆல் பெருக்குங்கள்.

எளிதுதான், ஆனால் தப்பு வருவதும் இங்கேதான். இணையத்தில் கிடைக்கும் சக்தி அளவு பெரும்பாலும் குதிரைசக்தியில் இருக்கும். ஐரோப்பிய பிஎஸ் அளவாக இருந்தால் 0.7355 ஆலும், பிரிட்டிஷ் பிஎச்பி அளவாக இருந்தால் 0.7457 ஆலும் பெருக்கினால்தான் கிலோவாட் வரும். எடை இதைவிட வில்லங்கம். டேர் என்பது ஆள் இல்லாமல், மற்ற திரவங்கள் நிரம்பி, டேங்கில் 10 லிட்டர் மட்டும் பெட்ரோல் இருக்கும்போது உள்ள எடை. ஜெர்மன் கம்பெனிகள் சொல்லும் டிஐஎன் எடையில் டேங்க் 90 சதவீதம் நிரம்பியிருக்கும். ஐரோப்பிய ஒன்றிய எடையில் அதற்கு மேல் 75 கிலோ ஓட்டுநரும் உட்கார்ந்திருப்பார். இத்தாலிக்காரர்கள் சில சமயம் எண்ணெய், தண்ணீர் எதுவும் இல்லாத உலர் எடையைப் போடுவார்கள். ஒரே காருக்கு நாலு எடை. எதை எடுத்தோம் என்று தெரியாமல் வகுத்தால் விடை 30, 40 புள்ளி நகர்ந்துவிடும்.

இது எங்கே உறைக்கும் என்பதற்கு 992 தலைமுறை போர்ஷே நல்ல உதாரணம். டர்போ எஸ் 478 கிலோவாட், டிஐஎன் எடை 1,640 கிலோ. வகுத்தால் 291. சந்தேகமே இல்லாமல் உள்ளே. ஜிடி3 ஆர்எஸ் காரைப் பாருங்கள்: முதுகில் விமான இறக்கை மாதிரி ஒன்றைச் சுமந்துகொண்டு, பந்தயத் தடத்துக்கென்றே பிறந்த கார். 386 கிலோவாட், டிஐஎன் எடை 1,450 கிலோ. விடை 266. வெளியே! டேங்கில் 10 லிட்டர் மட்டும் விட்டு டேர் எடைக்கு இறக்கினால் சுமார் 36 கிலோ குறைந்து 273 வரை ஏறுகிறது, அப்போதும் கோட்டுக்கு இந்தப்பக்கம்தான். டேர் 1,399 கிலோவுக்குக் கீழே போனால் கோட்டைத் தாண்டிவிடும். இலகுவான சக்கரம், கார்பன் பாகங்கள் என்று ஆப்ஷன் ஏற ஏற அந்த இடைவெளி சுருங்கும். இப்படிக் கோட்டின் ஓரத்தில் நிற்கும் கார்களுக்கு உங்கள் கால்குலேட்டரை நம்பாதீர்கள். அந்தக் குறிப்பிட்ட மாடலுக்கு அரசுப் பதிவில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டுச் சாவியைத் தொடுங்கள்.

எலக்ட்ரிக் கார்களில் பெட்ரோல் சிக்கல் இல்லை. டேர் எடை, டேங்க் நிரப்பிய கெர்ப் எடை என்ற வித்தியாசம் கிட்டத்தட்ட கிடையாது. அங்கே வேறொரு சிக்கல்: எந்த கிலோவாட்? டைக்கான் டர்போ ஜிடி சாதாரணமாக 580 கிலோவாட் தரும். நின்ற இடத்திலிருந்து முழு வேகத்தில் கிளப்பும் லான்ச் கன்ட்ரோலில் 760, இரண்டே நொடிக்கு 815. எடை 2,290 கிலோ. 580 என்று எடுத்தால் 253, 760 என்று எடுத்தால் 332. இப்படிப்பட்ட காரை ஓட்டப் போகிறவர் பேசாமல் யூ வாங்கி வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மேலே சொன்ன ஓட்டைக்கு வருவோம். விகிதம் என்பதால் எடை கூடினால் விடை குறைகிறது. லம்போர்கினி உருஸ் 478 கிலோவாட், 2,200 கிலோ. விடை 217. புதிய பிஎம்டபிள்யூ எம்5 காரில் 535 கிலோவாட் இருக்கிறது, ஆனால் 2,435 கிலோ, ஆகவே 220. இரண்டுக்கும் சாதாரண லைசென்ஸ் போதும். மோதும்போது எடையும் ஓர் ஆயுதம் என்பதை இந்தச் சூத்திரம் கண்டுகொள்வதே இல்லை. மறுபக்கம், கேட்டர்ஹாம் மாதிரி 600 கிலோ சுற்றுவட்டத்தில் நிற்கும் சின்னஞ்சிறு வண்டிகள் 230 கிலோவாட் இஞ்சினோடு 276ஐ அநாயாசமாகத் தாண்டும். பார்த்தால் பொம்மைக் கார் போலிருக்கும்.

ஆனாலும் மொத்த சக்தியைவிட விகிதத்தை எடுத்ததுதான் சரி. காரணம் இயற்பியலில் இருக்கிறது. ஒரு கிலோவுக்கு 276 வாட் என்றால், நாலு சக்கரமும் இழுக்கும் கார், உலர்ந்த தார் ரோட்டில், நல்ல டயரோடு, தன் பிடிமானம் முழுவதையும் பயன்படுத்தி மணிக்கு சுமார் 100 கி.மீ. வேகம் வரும்வரை டயரின் எல்லையை இஞ்சினாலேயே தாண்ட முடியும். பின் சக்கர இழுவையாக இருந்து, 60 சதவீத எடை பின்னால் இருந்தால் இது 169 கி.மீ. வரை போகும். ஓட்டுநரின் எடை, கியர்பாக்ஸ் இழப்பு என்று கழித்தாலும் முதல் எண் 80க்குக் கீழே இறங்காது. மாநிலத்தில் பலகை இல்லாத ஊர்த் தெருவின் வேக வரம்பு 50. அதாவது ஊருக்குள் ஓட்டும் வேகம் முழுவதும், வலது கால் கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் டயர் சறுக்கும் மண்டலத்துக்குள்ளேதான் இருக்கிறது. அந்தச் சறுக்கலைத் தடுத்து நிறுத்துவது ஓட்டுநரின் திறமை அல்ல, காரில் இருக்கும் கணினி.

தொடக்கூடாத பொத்தான்

அதனால்தான் மூன்றாவது பகுதி முக்கியம். இவ்வகைக் காரை ரோட்டில் ஓட்டும்போது, தானாகத் தலையிடும் பாதுகாப்பு அமைப்புகளை அணைப்பது தனிக்குற்றம். ஏபிஎஸ் பிரேக் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது), தானியங்கி அவசர பிரேக், எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் (கார் பக்கவாட்டில் நழுவாமல் பிடிப்பது), டிராக்‌ஷன் கன்ட்ரோல் (சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுப்பது) ஆகியவை இதில் அடங்கும். அபராதம் 5,000 டாலர் வரை. மணலிலோ சேற்றிலோ புதைந்த காரை வெளியே எடுப்பது மாதிரி நியாயமான காரணம் இருந்தால் அது வேறு விஷயம்.

காருக்குள் இது எப்படி இருக்கும்? ஃபெராரி ஸ்டீயரிங்கில் வலது கைப்பக்கம் மானெட்டினோ என்ற சின்னத் திருகி இருக்கும். 296 ஜிடிபி காரில் அதன் நிலைகள்: வெட், ஸ்போர்ட், ரேஸ், சிடி ஆஃப், இஎஸ்சி ஆஃப். நாலாவதுக்குத் திருப்பினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் போச்சு, ஐந்தாவதில் ஸ்டெபிலிட்டியும் சேர்ந்து போச்சு. கட்டைவிரலின் ஒரு சொடுக்குதான், சட்டத்துக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் அவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன. போர்ஷேயில் பிஎஸ்எம் (அவர்களின் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல்) பொத்தானை ஒரு தடவை தட்டினால் தளர்வு, அழுத்திப் பிடித்தால் முழு அணைப்பு என்ற மாதிரிப் படிநிலைகள் இருக்கும். தளர்த்துவது அணைப்பதாகுமா என்று கோர்ட்டில் வாதாடுவதைவிட, ரோட்டில் அந்தப் பொத்தான் பக்கமே போகாமல் இருப்பது மேல். இஞ்சினை அணைத்து மறுபடி கிளப்பினால் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் தானாக விழித்துக்கொள்ளும். காரை வேறு யாராவது ஓட்டிக் கொண்டுவந்து கொடுத்தால், ஒரு முறை அணைத்துக் கிளப்புவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வெளியிலிருந்து பார்க்கும் போலீசுக்கு இது தெரியாதே என்று நினைப்பவர்கள் உண்டு. கார் கடந்துபோகும்போது தெரியாதுதான். விபத்து நடந்தால் தெரியும். பல கார்களின் ஏர்பேக் கணினியில் இருக்கும் பதிவுக் கருவி, மோதலுக்கு முந்தைய ஐந்து நொடிகளின் வேகம், ஆக்சிலரேட்டர், பிரேக் ஆகியவற்றோடு ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இயங்கியதா, அணைந்திருந்ததா என்பதையும் குறித்துவைக்கும்.

யாரும் பொத்தானைத் தொடாமலேயே அமைப்பு செயலிழப்பதும் உண்டு. வீல் அலைன்மென்ட் செய்தபின் ஸ்டீயரிங் கோண சென்சாரை மறுபடி பூஜ்ஜியத்தில் நிறுத்தாமல் விட்டுவிட்டால், நேராகப் போகும் காரை வளைவதாக எண்ணிக் கணினி குழம்பும், மஞ்சள் விளக்கு எரியும். ஒரு அச்சில் மட்டும் வேறு அளவு டயர் மாட்டினாலும் சக்கரங்களின் சுழற்சி ஒத்துப்போகாமல் இதே கதை. சக்கர வேக சென்சாரின் வயர் அறுந்தாலோ பேட்டரி பலவீனமானாலோ ஏபிஎஸ் சேர்ந்து போகும். விளக்கு எரிந்தால் ஓட்டாதீர்கள். ஒர்க்‌ஷாப்பில் அலைன்மென்ட் பில்லில் கோண சென்சார் ரீசெட் என்று ஒரு வரி இருக்கிறதா என்று கேளுங்கள். பல இடங்களில் கேட்டால்தான் செய்வார்கள்.

டயரும் இதில் பாதி. இந்தக் கார்களில் நிறைய மிஷலின் கப் 2 மாதிரி அரைப்பந்தய டயரோடு வருகின்றன. அவற்றின் ரப்பர் சூடேறினால்தான் பிடிக்கும். பள்ளம் ஆழமில்லாததால் தேங்கிய தண்ணீரில் மிதக்கும். அடிலெய்டின் ஜூலை விடியலில் வெப்பநிலை 7, 8 டிகிரிக்கு இறங்கும். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து கிளம்பிய முதல் சில கிலோமீட்டரில் ஜன்னல் வழியாகப் பார்க்கும் யாருக்கும் தெரியாத அளவுக்கு இந்த டயர் மோசமாக இருக்கும். சட்டம் இதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இந்தப் பகுதியில் இன்னொரு வினோதமும் இருக்கிறது. அணைக்கக்கூடாது என்ற விதி, அணைக்க ஏதாவது இருந்தால்தானே பொருந்தும்? மேலே சொன்ன கேட்டர்ஹாம் வகையில் ஏபிஎஸ்சும் இல்லை, ஸ்டெபிலிட்டியும் இல்லை. ஆஸ்திரேலியாவில் புதிய கார் மாடல்களுக்கு ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் கட்டாயமானது 2011 நவம்பரில், எல்லாப் புதுக் கார்களுக்கும் 2013 நவம்பரில். அதற்கு முந்தைய பழைய சூப்பர் கார்களுக்கும் யூ வகுப்பு வேண்டும், ஆனால் அவற்றில் சிலவற்றில் காப்பாற்றக் கணினி கிடையாது. மிக ஆபத்தான கார்களிடம்தான் சட்டம் மிகக் குறைவாகக் கேட்கிறது.

பாடம்

யூ வகுப்பு வாங்கும் வழி: கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் அரசின் ஆன்லைன் பயிற்சியை முடிக்க வேண்டும், பின் லைசென்ஸில் அந்த வகுப்பைச் சேர்க்க வேண்டும். அவ்வளவே. தடத்தில் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை, பக்கத்தில் தேர்வாளர் உட்கார்வதில்லை. வேகத்தின் விளைவு, இவ்வகைக் கார்களின் ஆபத்து, பாதுகாப்புத் தொழில்நுட்பம் என்று தலைப்புகள் குறைசொல்ல முடியாதவை. ஆனால் பின்பக்கம் நழுவும்போது காலை எடுப்பதா, வைத்திருப்பதா என்பது திரையில் படித்து வரும் பழக்கம் அல்ல. ஈரமாக்கிய சறுக்குத்தளத்தில், மணிக்கு 40 கி.மீ. வேகத்தில், அரைமணி நேரம் விழுந்து எழுந்தால் வரும். அதைக் கட்டாயமாக்கியிருந்தால் இந்த மதிப்புரையின் தலைப்பே வேறாக இருந்திருக்கும். காருக்கு அரை மில்லியன் டாலர் கொடுப்பவர், தனியார் பயிற்சித் தளத்தில் ஒரு நாள் செலவழிப்பதைச் சட்டம் கேட்காவிட்டாலும் தானாகச் செய்யலாம்.

பி பிளேட்காரர்களுக்கு 130

இதே கணக்கின் அண்ணன், 'பி' பலகை மாட்டி ஓட்டும் புது ஓட்டுநர்களுக்கான 130 விதி. வீட்டில் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு 276ஐவிட இதுதான் தினசரித் தலைவலி. நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, குயின்ஸ்லாந்து, தென் ஆஸ்திரேலியா நான்கிலும் டேர் டன்னுக்கு 130 கிலோவாட்டைத் தாண்டிய கார் பி பிளேட்டுக்கு ஆகாது. குயின்ஸ்லாந்திலும் தென் ஆஸ்திரேலியாவிலும் 25 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கே இது.

நியூ சவுத் வேல்ஸில் 2014 ஆகஸ்ட் வரை எட்டு சிலிண்டர், டர்போ என்று இஞ்சின் வகையைப் பார்த்துத் தடுத்தார்கள். விளைவு கேலிக்கூத்து. சாதுவான 1.4 லிட்டர் டர்போ கோல்ஃப் காருக்கு விதிவிலக்குத் தேட வேண்டியிருந்தது, 210 கிலோவாட் வி6 காமடோர் தடையின்றிப் போனது. விகிதம் வந்தபின் இந்தக் கூத்து குறைந்தது. விக்டோரியாவில் 2010க்கு முன் தயாரான கார்களுக்குப் பழைய அளவுகோல் தொடர்கிறது: எட்டு சிலிண்டர், பெட்ரோல் டர்போ, சக்தி கூட்டிய இஞ்சின் ஆகியவை விதிவிலக்குப் பட்டியலில் இல்லாவிட்டால் ஆகாது. ஆகவே பழைய கார் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது தயாரிப்பு ஆண்டு.

ஷோரூமில் ஏமாறும் இடம், ஒரே உடம்பு வெவ்வேறு சக்தி அளவுகளில் வரும்போது. பிஒய்டி சீல் பிரீமியம் 230 கிலோவாட், 2,055 கிலோ, விடை 112. பர்ஃபாமன்ஸ் 390 கிலோவாட், 2,185 கிலோ, விடை 178. வெளியே நின்று பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். டொயோட்டா ஜிஆர் யாரிஸ் பெயரைக் கேட்டுச் சின்னக் கார்தானே என்று தலையாட்டிவிடாதீர்கள். முதல் பதிப்பே 200 கிலோவாட், 1,280 கிலோ, 156.

விக்டோரியாவிலும் நியூ சவுத் வேல்ஸிலும் மாடல் வாரியாகத் தேடிப் பார்க்கும் இணையச் சேவை இருக்கிறது. வேலை செய்கிறது, இலவசம். இரண்டு குறை: வேரியன்ட் பெயர் சரியாகத் தெரியாவிட்டால் தவறான வரிசையில் கை வைப்போம், இஞ்சின் கணினியை ரீட்யூன் செய்த கார், பட்டியலில் 'ஆகும்' என்றிருந்தாலும் ஆகாது. விற்பவர் சிப் மாற்றியதைச் சொல்ல மாட்டார். சொந்த மெக்கானிக்கிடம் ஸ்கேன் பண்ணச் சொல்லுங்கள். நியூ சவுத் வேல்ஸில் பிடிபட்டால் ஏழு டிமெரிட் (தண்டனைப்) புள்ளிகள். முதல் கட்டமான பி1 லைசென்ஸின் எல்லை நாலு, அடுத்த கட்டமான பி2வின் எல்லை ஏழு. ஆக, ஒரே தடவையில் இருவருக்குமே லைசென்ஸ் போய்விடும்.

மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் எடுத்தவர்கள் இங்கே ஒரு பழக்கதோஷத்தில் தவறுவார்கள். புதியவர்களுக்கான பைக் கணக்கில் 150 என்ற வரம்பு, வண்டி எடையோடு 90 கிலோ ஆளையும் சேர்த்து வருவது. கார் கணக்கில் ஆள் சேர்த்தி இல்லை. பழக்கத்தில் ஓட்டுநரின் எடையைக் கூட்டினால் 135 வர வேண்டிய கார் 127 ஆகி, கடைக்காரரும் நீங்களும் சேர்ந்து ஏமாறுவீர்கள்.

இன்ஷூரன்ஸ் பாலிசிகள் பொதுவாக, அந்த வண்டியை ஓட்டத் தகுந்த லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினால் கைவிரித்துவிடும். யூ இல்லாதவரிடம் 'பக்கத்துத் தெருவரை ஒரு ரவுண்டு' என்று சாவியைக் கொடுப்பதும், பிள்ளையிடம் 130ஐத் தாண்டிய காரைப் பெட்ரோல் போடக் கொடுத்தனுப்புவதும் அந்த வரியில்தான் போய் முட்டும். பாலிசியில் ஓட்டுநர்கள் பெயர்ப்பட்டியல் இருக்கும் பக்கத்தையும் விலக்குகள் பக்கத்தையும் ஒரு தடவை படித்துவிட்டுச் சாவிக்கொத்தை எங்கே மாட்டுவது என்று முடிவு செய்யுங்கள்.